ஆறு ஊர், பன்னிரண்டு நிமிஷ ஓய்வு

"இது என்னங்க, ரெண்டு பத்திலேர்ந்து ரெண்டு இருபத்திரண்டு வரைக்கும் 'ஓய்வு'?"

ஃபிரிட்ஜ் கதவில் நான்கு காந்தங்களால் ஒட்டியிருந்த அட்டவணையை மனைவி விரலால் குத்தினாள். குத்திய வேகத்தில் ஒரு காந்தம் தெறித்து அடுப்பு மேடைக்கு அடியில் ஓடிப்போயிற்று.

"கேட்டியே, வச்சிருக்கேன்" என்றார் அட்டவணைக்காரர்.

"பன்னிரண்டு நிமிஷமா?"

"லேசா நினைக்காதே. எங்க டிப்போவுல ஒரு பஸ் நாற்பது கிலோமீட்டர் ஓடி வந்து நின்னா, அதுக்குக் கொடுக்கறதே பன்னிரண்டு நிமிஷம்தான். என்ஜின் ஆறிடும், டயர் ஆறிடும், டிரைவரும் ஒரு டீ குடிச்சிடுவார்."

"நான் பஸ்ஸா?"

"பஸ்ஸா இருந்தா இத்தனை கேள்வி கேட்காது."

தட்டுகள் அலமாரிக்குள் போன சத்தத்தில் அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அவர் பஸ் டிப்போவில் கால அட்டவணை போடுகிறவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பி எங்கே திரும்ப வேண்டும் என்று இருபத்து மூன்று வருஷமாகக் கோடு கிழித்துக்கொண்டிருக்கிறார். வீட்டையும் அதே கோட்டில்தான் ஓட்டினார். குளியல் ஆறு பத்து, காலைச் சாப்பாடு ஏழு ஐந்து. இரண்டு நிமிஷம் தாமதமானால் "காரணம்?" என்று கேட்பார். காரணம் சொன்னால் அதை ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். ஐம்பது பஸ் இந்த நிமிஷம் எங்கெங்கே நிற்கின்றன என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய மனுஷர், தன் மூக்குக் கண்ணாடி எங்கே என்று தெரியாமல் ஒரு நாளைக்கு ஆறு தடவை மனைவியைக் கூப்பிடுவார்.

மனைவி கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வருகிறவர்களின் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, "கண்ணை மூடிட்டு அரை மணி நேரம் சும்மா உக்காருங்க" என்று நாள் முழுக்கச் சொல்லுகிற வேலை. சொல்லுகிறவளுக்கு உட்கார நாற்காலி கிடையாது. போன மாதம் ஒரு நாள் மருந்து அலமாரியில் சாய்ந்து, கையில் மருந்துக் குப்பியோடு நின்றபடியே தூங்கிவிட்டாள். டாக்டர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

அது அட்டவணைக்காரரைச் சுட்டுவிட்டது. மறுநாளே சொன்னார்: "பத்து வருஷமாச் சொல்லிட்டே இருக்கேன், இந்த வருஷம் ஐரோப்பா. ஊரும் பாத்த மாதிரி இருக்கும், உனக்கு ஓய்வும் கிடைச்ச மாதிரி இருக்கும்."

மனைவி துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "நிஜமாத்தானே? இந்தத் தடவையும் தட்டிக் கழிச்சீங்கன்னா, ஓய்வுங்கற வார்த்தையையே இந்த வீட்டுல நான் எடுக்க மாட்டேன்" என்றாள். பிறகு, "டிராவல்ஸ் ஆபீஸ், பாஸ்போர்ட், ஃபாரம் எல்லாம் போற வழியில நான் பாத்துக்கறேன். நீங்க நாள் கணக்கை மட்டும் போடுங்க" என்றும் சொன்னாள்.

அவர் போட்டார். பன்னிரண்டு நாளில் ஆறு ஊர். பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், லூசெர்ன், வெனிஸ், ஃப்ளாரன்ஸ், ரோம். 'வெனிஸ்: ரயில் இறக்கம் 10.40. படகு ஏற்றம் 11.05. ரசித்தல் 11.05 முதல் 11.50 வரை.' ரசித்தலுக்கு நாற்பத்தைந்து நிமிஷம் ஒதுக்கியதில் அவருக்குத் தன் தாராள குணத்தின் மேலேயே ஒரு மரியாதை வந்திருந்தது. அந்த அட்டவணையைத்தான் அவள் இப்போது விரலால் குத்தினாள்.

"உங்களுக்கு ஊர் வேணும், எனக்கு ஓய்வு வேணும். ரெண்டுக்கும் ஆகற மாதிரி நாள் போடுங்க" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

அட்டவணைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாருக்காக இந்த மெனக்கெடல்? இருந்தாலும் பென்சிலைக் கூர்தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஆம்ஸ்டர்டாமை அடித்தார். ஃப்ளாரன்ஸை அடித்தார். நான்கே ஊர், ஒன்பதே நாள். மாலையில் அவள் செருப்பைக் கழற்றுமுன் நீட்டினார்.

"இந்தா. ஓட்டமில்லே, அலைச்சலில்லே. ஒன்பதாம் நாள் நம்ம வீட்டுல நம்ம கட்டில்ல படுத்துக்கலாம்."

அவள் ஒரு கால் செருப்போடும் ஒரு கால் வெறுமையாகவும் நின்றாள்.

"நாளை ஏன் குறைச்சீங்க?"

"நீதானே ஓய்வு கேட்டே?"

"ஓய்வு கேட்டா நாளைக் குறைப்பீங்களா? கணக்கு வாத்தியார் உங்களுக்கு என்னத்தைச் சொல்லிக் கொடுத்தார்? ஆம்ஸ்டர்டாம் எங்கே?"

"அடிச்சிட்டேன்."

"திருப்பிப் போடுங்க! ஃப்ளாரன்ஸையும் போடுங்க. வாழ்க்கையில ஒரு தடவை போறீங்க, அரைகுறையா பாத்துட்டு ஓடி வர்றதுக்கா?"

ஊரைக் கூட்டினால் ஓய்வு எங்கே என்கிறாள். ஊரைக் குறைத்தால் ஊர் எங்கே என்கிறாள். கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்ற கதையாக இருந்தது. அட்டவணைக்காரர் பென்சிலை இரண்டாக ஒடித்தார். ஒடித்தபின் இரண்டு துண்டையும் கூர்தீட்டினார். அது அவர் சுபாவம்.

மூன்றாவது அட்டவணையில் ஆறு ஊரும் இருந்தன. ஊருக்கும் ஊருக்கும் நடுவே ஒரு முழு நாள் ஓய்வு. மொத்தம் பதினேழு நாள். மனைவி வாங்கிப் பார்த்து, "ம்... இது பரவாயில்லே" என்றாள். ஒரு வாரத்தில் அவள் முகத்தைக் கோபமில்லாமல் பார்த்தது அப்போதுதான்.

ஆனால் டிப்போ மேனேஜர் முகத்தில் அந்தக் கோபம் ஏறிக்கொண்டது.

"பதினேழு நாளா? பரீட்சை சமயத்துல ஸ்பெஷல் பஸ்ஸெல்லாம் யார் போடறது?"

"சார், இருபத்து மூணு வருஷத்துல ஒரு நாள் லீவு எடுத்திருக்கேனா?"

"அதுதான்யா பிரச்னை! நடுநடுவே எடுத்திருந்தா, நீங்க இல்லாம ஓட்ட நாங்களும் பழகியிருப்போம்."

"ஒரு மனுஷன் ஒழுங்கா வேலை செஞ்சது குத்தமா?"

"குத்தம்னு சொல்லலே. போகணும்னா ரெண்டு மாச அட்டவணையை முன்கூட்டியே போட்டு மேசையில வச்சிட்டுப் போங்க."

அன்று முதல் சாப்பாட்டு மேசை டிப்போ ஆகிவிட்டது. ஆள் உயரக் கட்டத் தாள்களை அதன் மேல் விரித்தார். தட்டு வைக்க இடமில்லாமல் இருவரும் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். அவர் கோடு கிழிக்க, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு மனைவி நேரங்களைப் படித்துச் சொல்ல வேண்டும்.

"ஏழு நாற்பது, எட்டு இருபது, ஒன்பது..."

"மெதுவா! ரப்பர் எங்கே?"

"உங்க கையில."

"ஓய்வெடுக்கறதுக்கு முன்னாடியே உயிரை எடுத்துடுவீங்க போல" என்று அவள் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்தது. 'நன்றி கெட்ட உலகம்' என்று நினைத்துக்கொண்டு அடுத்த கோட்டை அழுத்திக் கிழித்தார், தாளே கிழிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தம்பி வந்து சேர்ந்தான். சோபா செட் கடை வைத்திருப்பவன். எந்தப் பேச்சையும் பாதியில் வாங்கி மீதியைத் தானே பேசி முடிப்பவன்.

"மாமா! அக்கா என்னையும் கூட வரச் சொல்லிச்சு. பெட்டி தூக்க ஆள் வேணாமா?"

அட்டவணைக்காரர் மனைவியைச் சமையலறைக்குள் இழுத்துப் போனார்.

"இவனை யார் கூப்பிட்டது?"

"நான்தான். தெரியாத ஊர், ஒருத்தருக்கொருத்தர் துணையா இருக்கும்."

"துணையா? இவனோட வாய்க்குத் தனி சீட்டு போடணும்!"

"அவன் வரலேன்னா நான் ஒத்துக்க மாட்டேன்" என்று சொல்லிக் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் வாதாட முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

மச்சான் ஹாலில் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தான்.

"என்ன மாமா, இத்தனை ஓய்வு போட்டிருக்கீங்க? உக்கார்றதுக்கு ஐரோப்பாவா போகணும்? என் கடைக்கு வாங்க, நல்ல சோபாவா போடறேன், உக்காருங்க! போறதே போறோம், வியன்னாவைச் சேருங்க. பிராக்கைச் சேருங்க."

"மச்சான், இது உங்க அக்காவோட ஓய்வுக்காகப் போட்டது."

"அக்காவைக் கேப்போம். அக்கா, வியன்னா, பிராக்?"

"சேருங்களேன்" என்றாள் அவள் உள்ளேயிருந்து. "எத்தனை நாள் கூடும்?"

"மூணு."

"அப்ப இருபது. சரி."

அட்டவணைக்காரர் தலையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் மேனேஜரிடம் மீண்டும் போனார். மேனேஜர் எழுந்து நின்று கத்தினார். இவரும் நின்றுகொண்டே கத்தினார். கடைசியில் இருபது நாள் கிடைத்தது. இரண்டு மாத அட்டவணை மூன்று மாதமாயிற்று. கட்டத் தாள் மேசையில் வழிந்து, நாற்காலிகளில் ஏறி, கட்டிலுக்கு வந்தது. மனைவி சோபாவின் ஓரத்தில் ஒடுங்கிப் படுத்தாள்.

ஒரு காலை அவள் அப்படித் தூங்குவதை அவர் பார்த்தார். பாதத்தில் செருப்பு வாரின் தடம் குறுக்கே வெளுத்துக் கிடந்தது. இவளுக்காகப் போகிற பயணத்தில் இவளையே எட்டு ஊருக்கு இழுத்துக்கொண்டு ஓடுவதா? டிப்போவில் களைத்த வண்டியை என்ன செய்வார்கள்? ஓரமாக நிறுத்திவைப்பார்கள். தொழில் அனுபவம் கைகொடுத்தது. உடனே மைப் பேனாவை எடுத்து நான்காவது அட்டவணை போட்டார். அவள் எழுந்ததும் அதைப் பெருமையோடு படித்தார்.

"கேளு. லூசெர்ன்ல ஏரிக்கரையில உனக்கு ஒரு ரூம். ஏழு நாள் நீ அங்கேயே இரு. நானும் உன் தம்பியும் மத்த ஊரையெல்லாம் சுத்திட்டு வந்து உன்னைக் கூட்டிக்கறோம்."

மனைவி கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். "ஏழு நாள் நீங்க ரெண்டு பேரும் என் பக்கத்துலேயே இருக்க மாட்டீங்க?"

அவள் குரல் நடுங்கியதைக் கேட்டு அவர் உருகிப்போனார். "சே, பயப்படாதே! உன்னை அப்படித் தனியா விட்டுடுவேனா? தினம் மூணு வேளை வீடியோவுல கூப்பிடுவேன். எட்டு, ஒண்ணு, ஏழரை. அட்டவணையிலேயே போட்டிருக்கேன், பாரு."

"மூணு வேளையும் வீடியோவா?"

"தேவைப்பட்டா நடுவுலேயும் கூப்பிடறேன்."

"எதுக்கு? கண்ணாடி எங்கேன்னு கேக்கவா?"

"காணோம்னா வேற யாரைக் கேக்கறது?"

அவள் எழுந்தாள். நான்காவது அட்டவணையை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். நேரே சமையலறைக்குப் போய், பாத்திரம் ஊறிக்கொண்டிருந்த தொட்டியில் அமுக்கினாள். மை கரைந்து, ரோம் வெனிஸுக்குள் ஓடியது. வியன்னா ஒரு கரண்டியில் ஒட்டிக்கொண்டது.

"ஒரு மனுஷிக்கு ஓய்வுன்னா என்னன்னே உங்களுக்குத் தெரியலே!"

"எனக்கா தெரியலே? நாலு அட்டவணை! மூணு மாச வேலை! மேனேஜர்கிட்ட ரெண்டு தடவை நாய் மாதிரி பேச்சு வாங்கினேன்! எல்லாம் யாருக்காக?" அட்டவணைக்காரரின் காதுமடல் சிவந்துவிட்டது. "போதும். பாரிஸும் வேணாம், பன்னீர்ப்பூவும் வேணாம். கேன்சல்!"

மனைவி ஈரக் கையோடு ஓடி வந்து அவர் கையைப் பிடித்தாள். "கேன்சல் மட்டும் பண்ணாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எந்த ஊரை வேணாலும் போடுங்க, ஓய்வே போடாட்டியும் பரவாயில்லே. அந்த இருபது நாளை மட்டும் தொடாதீங்க!"

"கேன்சல்னா கேன்சல்!"

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். பின்னாலிருந்து "என்னங்க, ஒரு நிமிஷம்!" என்ற குரல் தெருமுனை வரை வந்தது. நிமிஷத்தின் மதிப்பு தெரிந்த அவர் முதல் தடவையாக நிமிஷம் கேட்டும் நிற்கவில்லை.

டிராவல்ஸ் ஆபீஸ் ஒரு பூட்டு சாவிக் கடைக்கு மேலே, குறுகலான மாடிப்படியின் முடிவில் இருந்தது. கவுன்ட்டரில் ஒரு பெண் காகிதங்களை ஸ்டேப்ளரால் குத்திக்கொண்டிருந்தாள். அட்டவணைக்காரர் படியேறிய மூச்சிரைப்போடு கவுன்ட்டரைத் தட்டினார்.

"கேன்சல் பண்ணும்மா! ஐரோப்பா, இருபது நாள், மூணு பேர். மொத்தமா கேன்சல்!"

அந்தப் பெண் பயந்துபோய் ஃபைலை எடுத்தாள். முதல் பக்கம் பார்த்தாள், கடைசிப் பக்கம் பார்த்தாள், மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

"மூணு பேரா சார்?"

"எண்ணத் தெரியாதா? நான், என் மச்சான், என் மனைவி! என்னம்மா முழிக்கறே? அவளுக்காகத்தான் இந்தப் பயணமே. அவ நின்னுட்டே தூங்கறா, தெரியுமா? அவளுக்கு நாலு நாள் நிம்மதி கிடைக்கட்டும்னு ராப்பகலா கோடு கிழிச்சேன். எந்தக் கோடும் அவளுக்குப் பிடிக்கலே. ஒருத்திக்கு ஓய்வு கொடுக்க ஒரு மனுஷன் இதுக்கு மேல என்னதான் பண்ணணும், சொல்லு!"

கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்தது.

அந்தப் பெண் ஸ்டேப்ளரைக் கீழே வைத்தாள். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்:

"மேடம் பேர் ஆரம்பத்துலேர்ந்தே இதுல இல்லையே சார், நீங்க ஊர்ல இல்லாத அந்த இருபது நாள்தான் அவங்களுக்கு ஓய்வாம், தனியா அனுப்பினா பாதியிலேயே திரும்பி வந்துடுவீங்கன்னுதான் தம்பியையும் சேர்த்து புக் பண்ணினாங்க."