நாற்பது வீட்டுக் கத்திரிக்காய்

“நாற்பது வீட்டிலும் கத்திரிக்காயா?”

உணவுக் கணக்கெடுப்பு ஆபீஸர் சுப்பராமன் பேரையூர்த் தாள்களை மேஜைமேல் வீசினார். “ஓய் விஸ்வேஸ்வரன், ஒரு வீட்டில கேட்டுட்டு மிச்சத்தை வேப்பமரத்தடியில ஒக்காந்து எழுதினீரா?”

“சத்தியமா வீடு வீடா ஏறினேன், சார்.”

“பேரையூர்ல எனக்கே தோட்டம் இருக்குங்காணும்! அந்த ஜனங்களை எனக்குத் தெரியாதா? வீட்டுக்கு வீடு குழம்பு மாறணும். நாற்பது பேர் ஒரே மாதிரி சொன்னா அது நாற்பது பதில் இல்லை, ஒரே பதில். புள்ளிவிவர சாஸ்திரமே அதான். வேற ஊருக்குப் போம். இல்லேன்னா ஒண்ணாந்தேதி ஆத்துக்குப் போம்.”

விஸ்வேஸ்வரன் தற்காலிக குமாஸ்தா. யுத்தகாலத்தில் இந்த வேலையும் போனால் பாக்கி பட்டாளம்தான். அவருடைய ஒடுங்கிய மார்பளவுக்குப் பட்டாளத்தில் சட்டை கிடையாது.

பெட்ரோல் பஞ்சத்தால் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் எழுமலைக்குக் கிளம்பினார். பஸ் அவரைச் சுமந்த தூரத்தைவிட அவர் பஸ்ஸைத் தள்ளிய தூரம் அதிகம்.

முதல் வீட்டு வாசலில் ஒச்சாயி நின்றாள்.

“நேத்து என்னம்மா கொழம்பு?”

“கத்திரிக்கா, சாமி.”

“முந்தாநாள்?”

“அதேதேன்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. கீரை, மொச்சை, ஏதாவது?”

“யோசிச்சா கொழம்பு மாறுமா சாமி?”

நாற்பதாவது வீட்டில் பூனைகூடக் கத்திரிக்காய்க் காம்பைத்தான் முகர்ந்துகொண்டிருந்தது.

தாளைப் பார்த்ததும் சுப்பராமனின் மூக்குக்கண்ணாடி ஒரு சாண் துள்ளியது. “பழைய தாளையே காப்பியடிச்சுட்டீரா? கடைசிச் சந்தர்ப்பம். மதுரையில, என் தெருவிலேயே எடும். நானே சரிபார்க்கறேன்.”

மறுநாள் அந்தத் தெருவில் நுழைந்தார் விஸ்வேஸ்வரன். நாகலக்ஷ்மி வீட்டில் கத்திரிக்காய்க் கூட்டு. ஸ்யாமளா வீட்டில் கத்திரிக்காய் ரசவாங்கி. பத்தொன்பதாவது வீட்டில் எண்ணெய்க் கத்திரிக்காய் என்றதும் அவருக்குக் கண் இருட்டியது.

இருபதாவது வீடு சுப்பராமனுடையது. தாளை வாங்கிப் பார்த்தார்.

“என் தெருவையுமா! நாளையிலேர்ந்து ஆபீஸ் பக்கம் வராதேயும்!”

உள்ளேயிருந்து அவர் மனைவி அகிலாண்டத்தின் குரல் வந்தது. “ஏன்னா, இலை போட்டாச்சு. கத்திரிக்காய்க் கறி ஆறிடும்.”

அந்த நேரம் பார்த்து, தெருவுக்கே காய் விற்கும் மாயக்காள் கூடையோடு வாசலில் வந்து நின்றாள். சுப்பராமன் கோபத்தை அவள் பக்கம் திருப்பினார்.

“ஏன்டி, தெரு பூரா இதையே வித்துத் தொலைக்கிறியே, ஊர்ல வேற காயே இல்லையா?”

மாயக்காள் கூடையை இறக்கினாள். “நான் என்ன செய்ய சாமி? ஒங்க குத்தகைக்காரரு பேரையூரு, எழுமலைன்னு ஓசியா அள்ளிக் குடுத்தும் தீரலன்னுதேன் இங்கிட்டுக் கொண்டாந்தேன். அம்புட்டும் ஒங்க தோட்டத்துக் காயி!”