தபித்தாளின் கையெழுத்து

நெல்லியாளம்,
வியாழக்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான மச்சான் பிரைட்டன் அவர்களுக்கு, தங்கள் தங்கை தபித்தாளின் வீட்டுக்காரன் டக்ளஸ் எழுதிக்கொண்டது. இங்கே நானும் மகள் ஃபெபியும் மழையும் சுகம். கோயம்புத்தூரில் தாங்களும் குடும்பமும் வெயிலும் சுகமென்று நம்புகிறேன்.

நிற்க. பிள்ளை எழுதப் பழகட்டும் என்று தங்கள் கம்பெனியிலிருந்து அனுப்பிய போனையும் ஸ்டாண்டையும் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். மேசையில் வெள்ளைத்தாளை வைத்து போன் வழியாகப் பார்த்தால் தாளின் மேல் எழுத்து மிதக்கும், ஒரு கிளி அதன்மேல் நடக்கும், பிள்ளை பென்சிலோடு பின்னாலேயே போனால் போதும் என்றீர்கள். கதவைத் திறந்தால் மூடுபனி உள்ளே வருகிற வீடு இது. முதல் நாளே கிளி வழி தெரியாமல் நின்றுவிட்டது. மறுநாள் போதகர் ஜெபம் பண்ண வந்து மேசையோரம் உட்கார்ந்தார். அவருடைய வெள்ளை வேட்டியைத் தாள் என்று நினைத்து போன் அதில் ‘ஈ’ போட்டுக் காட்ட, ஃபெபி அழுத்தி எழுதிவிட்டாள். கண்ணை மூடியிருந்ததால் ஆமென் வரைக்கும் அவருக்குத் தெரியவில்லை. தங்களிடம் முறையிட்டதற்கு, "அந்த எழுத்து ஒத்து வரலைன்னா ஊட்டுல யாரு கையெழுத்தையாவது காட்டுங்க மாப்ளே, அதையே புடிச்சுக்கும்" என்றீர்கள். என் கையெழுத்தைக் காட்டினேன். கிளி பாதியிலேயே உட்கார்ந்துகொண்டது. அதனால்தான் தபித்தாள் எனக்கு எழுதிவைத்த சீட்டுகளை எடுத்தேன்.

சீட்டு விஷயம் தங்களுக்குத் தெரியாது. ஏழு வருஷம் எனக்கு டீ ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட், அவளுக்குப் பகலில் இலை பறிப்பு. நான் படியேறும்போது அவள் கூடையோடு இறங்குவாள். பேச நேரம் ஏது? தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்துவிட்டுப் போவாள். சண்டையும் அப்படித்தான், காலையில் அவள் கேள்வி, சாயங்காலம் என் பதில், ஒரு சண்டை முடிய நாலு நாள் ஆகும். சமாதானம் ஆகிவிட்டால் குழம்பு எங்கே மூடி வைத்திருக்கிறது என்று சீட்டில் இருக்கும். அதெல்லாம் ஒரு காலம், மச்சான். ஒன்றைக்கூடத் தூக்கிப்போட மனசு வரவில்லை. தேயிலை விலை விழுந்து, ஃபேக்டரியைப் பூட்டி, அவள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய், நான் பூட்டின ஃபேக்டரிக்குப் பகல் வாட்ச்மேன் ஆகிப் பத்து மாசம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் "சாப்டீங்களா" என்பதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச வரவில்லை. எழுதியே பழகிவிட்டோம்.

சீட்டைக் காட்டியதும் அந்த எழுத்தை போன் பிடித்துக்கொண்டது, ஃபெபியும் பிடித்துக்கொண்டாள், அம்மா எழுதினதையே எழுதுகிறாள். ‘ஏனுங்க, மழை வந்தா துணிய எடுத்து உள்ள வைங்க’ என்று என் தலையணை மேல் சீட்டு. பெண்டாட்டி கூப்பிடுகிற மாதிரி பெற்ற அப்பனை ஏனுங்க என்கிறாள். ‘ஏனுங்க, பீடி நாத்தம், ஜன்னலத் தொறங்க’ என்று ஃபேக்டரி கேட்டிலேயே சாக்பீஸால் எழுதிவிட்டாள். பக்கத்து வீட்டு ராக்கம்மா படித்துவிட்டு, "இன்னும் பீடிய உடலீங்களா?" என்று கேட்டார். வாட்ச்மேனுக்கு இருந்த கொஞ்சம் மரியாதையும் போயிற்று. ஆகவே போனைப் பெட்டியில் வைத்துக் கட்டிவிட்டேன், ஆள் அனுப்பவும். நாங்கள் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். கிறிஸ்துமஸுக்குக்கூட லீவு போட்டு அலைய வேண்டாம் என்று தபித்தாளிடம் சொல்லிவிட்டேன், தாங்களும் சொல்லவும்.

வீட்டில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் எங்கள் ஸ்தோத்திரம். கர்த்தர் தங்கள் கம்பெனியையும் அந்தக் கிளியையும் ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
டக்ளஸ்

பி.கு.: வெள்ளிக்கிழமை காலை எழுதுவது. எழுந்து பார்த்தால் மேசையில் காலண்டர் தாள். ‘ஏனுங்க, நான் சனிக்கிழமை வர்றேன்.’ அவள் கையெழுத்து. அடுப்பைத் துடைத்து, முகம் மழித்து, ராக்கம்மாவிடம் மீனுக்குச் சொல்லிவிட்டு வந்த பிறகுதான், திருப்பூரில் இருப்பவள் என் மேசையில் எப்படிச் சீட்டு வைப்பாள் என்று உறைத்தது. போன் பெட்டியின் கட்டு அவிழவில்லை. ஃபெபி போன் இல்லாமலே அம்மா கையெழுத்தில் எழுதியிருக்கிறாள், ‘சனிக்கிழமை’யை மட்டும் தாளின் முன்பக்கத்து அச்சைப் பார்த்து.

"யாரு எழுதுனது?" என்றேன்.

"அம்மாதான்" என்று சொல்லிவிட்டு ஃபெபி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தச் சீட்டையும் மற்றச் சீட்டுகளோடு சேர்த்து வைத்துவிட்டேன், மச்சான். ஆள் அனுப்ப வேண்டாம், போன் இங்கேயே இருக்கட்டும். வர வேண்டாம் என்று ஜம்பமாகச் சொன்னவன் நான், அதனால் தபித்தாளிடம் தாங்கள்தான் பேச வேண்டும். எந்தச் சனிக்கிழமை என்று சீட்டில் இல்லை. இது கைக்குக் கிடைத்ததும் வருகிற முதல் சனிக்கிழமை என்று வைத்துக்கொள்ளலாம். வருகிறேன் என்று தன் கைப்பட எழுதிக்கொடுத்திருக்கிறாள், இனி பேச்சு மாறக்கூடாது என்று சொல்லுங்கள்.