தாய்க்கல்லும் உருளைக்கிழங்கும்

அஸ்ஸென் ஊரில் அந்த வருஷம் எல்லார் வாயிலும் ஒரே பெயர்தான்: கல் வியாபாரி ரோஸ்கம்! ஸ்பீக்கர் வாங்கிவிட்டால் போதுமா, சத்தம் இனிக்க அதன் தலையில் கல் வைக்க வேண்டாமா? ஆற்றில் சும்மா கிடந்த கூழாங்கல்லை இவர் பௌர்ணமி நிலவில் காயவைப்பார். உடனே அதற்கு 'நாதக்கல்' என்று பெயர், முந்நூறு யூரோ விலை. டாக்டர் சொல்வதையே இரண்டு முறை கேட்டு நம்புகிற ஊர், இவர் சொன்னதை ஒரே தடவையில் நம்பியது.

ரைன்டர் ஏற்கெனவே ஐந்து கல் வாங்கியாயிற்று. அவர் கஷ்டம் அவருக்கு. போன பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் வாங்கித் தந்த ஹோம் தியேட்டரில் வெடிச்சத்தம் கூரையைத் தூக்கும். ஆட்கள் பேசுவது மட்டும் கேட்காது. "இந்த ஊமைப்படத்தை நீயே பாரு" என்று மனைவி ஹெஸ்டர் புத்தகத்தோடு மாடிக்குப் போக ஆரம்பித்து ஒரு வருஷம். சோபாவில் தனியாக உட்கார்ந்து உட்கார்ந்து மனிதருக்கு வெறுத்துவிட்டது.

வெடிச்சத்தம் வருகிற பெரிய பெட்டிமேல் ஒரு 'தாய்க்கல்' வைத்தால் எல்லாம் சரியாகும் என்றார் ரோஸ்கம். விலை நாலாயிரம். கோடைதோறும் புருஷனும் பெண்டாட்டியும் காருக்குப் பின்னால் கோத்து இழுத்துப் போகும் வண்டிவீட்டை அந்தக் காசுக்காக விற்க ரைன்டர் விலை பேசிவிட்டார். திங்கட்கிழமை ஆள் வந்து கொண்டுபோவதாக ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை அவர் பிறந்தநாள். வழக்கம்போல் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுச் சொந்தபந்தம் உட்கார்ந்தது. ஆளுக்கொரு காப்பி, ஆளுக்கொரு பிஸ்கட், உடனே டப்பாவுக்கு மூடி. இரண்டாவது பிஸ்கட்டுக்குக் கை நீட்டும் துணிச்சல் இங்கே எவருக்கும் கிடையாது.

தாய்க்கல்லோடு ரோஸ்கம் வந்தார். கல் இல்லாமல் ஒரு பாட்டு, கல்லை வைத்து அதே பாட்டு.

"அடடா! பட்டு மாதிரி இருக்கே!" என்றார் ரைன்டரின் அண்ணன் கெரிட். அவருக்கு இடது காது கேட்டுப் பத்து வருஷமாகிறது.

"எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே" என்றார் ஹெஸ்டர்.

"மனசு தெளிவா இருக்கணும்மா" என்றார் ரோஸ்கம்.

"உங்க மனசு தெளிவாத்தானே இருக்கு? கல்லு இருக்கா இல்லையான்னு பாக்காமலே சொல்லிடுவீங்களா?"

"தூக்கத்துல கேட்டாக்கூடச் சொல்லுவேன்!"

"அப்பச் சரி. எல்லாரும் கொஞ்ச நேரம் தோட்டத்துல நில்லுங்க."

திரும்பி வந்தால், ஐந்து ஸ்பீக்கர்மேலும் பெரிய பெட்டிமேலும் சமையலறைத் துணிகள், உள்ளே ஏதோ புடைப்பு. பாட்டு ஓடியது. ரோஸ்கம் கண்ணை மூடினார். "எல்லாக் கல்லும் இருக்கு. தாய்க்கல்லு என்னமாப் பேசுது! சந்தேகமே இல்ல."

ஹெஸ்டர் துணிகளை உருவினார். ஆறு உருளைக்கிழங்கு!

"என் கல்லு எங்கே?" என்று அலறினார் ரோஸ்கம்.

"பிஸ்கட் டப்பாவுல. அதைவிடப் பத்திரமான இடம் இந்த வீட்டுல ஏது?"

"இங்கே அவநம்பிக்கை இருக்கு. கல்லு கோவிச்சுக்கிச்சு!"

"கோவிச்சுக்கிட்டா கிழங்கு பேசுமா? அஞ்சு கல்லுக்கு வாங்குன காசை வெச்சுட்டுக் கல்லை எடுத்துட்டுக் கிளம்புங்க சாமி."

வட்டமே பார்த்துக்கொண்டிருந்தது. ரோஸ்கம் காசை வைத்துவிட்டுக் கிளம்பினார்.

ரைன்டருக்கு அவமானத்தில் முகம் சிவந்துவிட்டது. "அப்ப பேச்சு ஏன் கேக்க மாட்டேங்குது? நீ பக்கத்துல உக்காரணும்னுதானே ஹெஸ்டர் இவ்வளவும்..."

ஹெஸ்டருக்கு மனசு இளகிவிட்டது. "நீங்க எல்லாரும் தோட்டத்துல நின்னப்போ இதோட கையேட்டைப் படிச்சேன். ஒரு வருஷமா உறையைக்கூடப் பிரிக்கலையேப்பா! டிவிக்குக் கீழ இருக்கிற நடு ஸ்பீக்கர்லதான் பேச்சு வருமாம். நாம அதுக்கு முன்னால நாப்பது சென்டிமீட்டர்ல உக்காந்திருக்கோம்னு மெஷின் சொல்லுது. யாரு அங்க உக்காந்தது?"

ரைன்டருக்கு அப்போதுதான் உறைத்தது. போன பிறந்தநாள்! இதே வட்டம். டிவிக்கு முதுகைக் காட்டி, பிறந்தநாள்காரருக்கென்று தோரணம் கட்டிய அவருடைய நாற்காலி. ஆள் உட்காரும் இடத்தை மெஷினுக்குச் சொல்லும் குட்டி மைக்கை அந்த நாற்காலியில் வைத்துத்தான் பொத்தானை அமுக்கினார். இவ்வளவு பக்கத்தில் இருப்பவரிடம் ஏன் கத்த வேண்டும் என்று மெஷின் நடு ஸ்பீக்கரின் குரலைக் குறைத்துவிட்டது. நாற்காலி மறுநாளே பரணுக்குப் போய்விட்டது. ஒரு வருஷமாக மெஷின் அதனிடம்தான் ரகசியம் பேசிக்கொண்டிருந்தது!

மைக்கை சோபாவில் வைத்துப் பொத்தானை அமுக்கினார்கள். இரண்டு நிமிஷம் கீச்சு கீச்சென்றது. பிறகு படத்தைப் போட்டால், கதாநாயகி முணுமுணுப்பதுகூடத் தெளிவாகக் கேட்டது.

ஹெஸ்டர் சோபாவில் வந்து உட்கார்ந்தார். "நகரு. அப்படியே அந்த ஆளுக்குப் போனைப் போட்டு, வண்டி விக்கிறதா இல்லைன்னு சொல்லு."

ரைன்டர் சந்தோஷத்தோடு போனை எடுக்கும்போது, கெரிட் மெல்ல வந்து தம்பியின் காதைக் கடித்தார்: "ஏண்டா, அந்தக் கிழங்கு எந்தக் கடையில கிடைக்கும்?"

ஸ்பீக்கர் தலையில் கல்லையும் கிழங்கையும் தேடுகிறவர்களே! உங்கள் இரண்டு காதுகளுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறதே, அதை எப்போது உறை பிரிக்கப் போகிறீர்கள்?