பாதி ஆயில் போதும்

ஷூவைக்கூடக் கழற்றாமல் டெலிபோன் மேஜைக்கு ஓடிய சர்க்குலர், நோட்டைத் திறந்து படித்துவிட்டு முதலில் சோபாவில் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்தார். அப்புறம் சமையலறைப் பக்கம் திரும்பி, "ஏம்மா! எனக்கு ஒண்ணும் இல்லையாம்!" என்று கத்தினார்.

"யாரு சொன்னா?" மனைவி கரண்டியோடு வந்தாள்.

"எழுத்துல இருக்கு. நீயே பாரு."

எழுத்தில் இருந்துவிட்டால் அவருக்கு அது வேதவாக்கு. அலுவலகத்தில் ஜன்னலைச் சாத்துவதற்குக்கூடச் சுற்றறிக்கை விடுவார். அதனால்தான் ஊழியர்கள் அவருக்குச் 'சர்க்குலர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஃபேன் பாதி வேகம், டீ பாதி கப், விளக்கில் பாதி என்று ஆபீஸில் எல்லாவற்றையும் பாதியாக்கி, பதவி உயர்வை மட்டும் முழுசாக வாங்கிக்கொண்டவர்.

அப்படிப்பட்டவருக்கு மூச்சும் பாதியாகிவிட்டதுதான் பிரச்சினை. இரண்டு மாடி ஏறுவதற்குள் நாலு இடத்தில் நின்றார். மனைவி விடாமல் இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினாள். ரத்தம் எடுத்து, மார்பில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்து, ரிசல்ட் வந்ததும் போன் செய்வதாகச் சொல்லி அனுப்பினார்கள். அந்த மூன்று நாளும் பயத்தில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதாவது, மற்றவர்கள் சாப்பிடும் அளவுதான் இறங்கியது.

அதே வாரத்தில் மெக்கானிக்கிடமும் ஒரு கேள்வி போட்டு வைத்திருந்தார். வீட்டில் ஒரு கார் இருந்தது. ஆபீஸ் நடந்து போகும் தூரம் என்பதால், கார் உறை போர்த்திக்கொண்டு தூங்கும். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்று என்றது காரோடு வந்த புத்தகம். கார் ஓடியது வருஷத்துக்கு ஐந்நூறு. அந்தக் கணக்குப்படி அடுத்த ஆயில் அவர் ரிட்டயராகி ஒன்பது வருஷம் கழித்து வந்தது. "சும்மா நிக்கிற வண்டிக்கு எப்பதான்யா ஆயில் மாத்தறது?" என்று கேட்டிருந்தார்.

செல்போன் பேச்சுக்கு ஆதாரம் கிடையாது என்று இருவருக்கும் வீட்டு நம்பரைத்தான் கொடுத்திருந்தார். வீட்டில் போன் எடுத்து, சேதியை நோட்டில் எழுதி வைப்பவர் மாமனார். முப்பத்தைந்து வருஷம் தந்தி குமாஸ்தா. ஒரு வார்த்தை அதிகமானால் கட்டணம் ஏறிவிடும் என்ற பயம் பென்ஷன் வாங்கிய பிறகும் போகவில்லை. யார் பேசினார்கள் என்றுகூட எழுதமாட்டார். "படிச்சா தெரியாதா? அதுக்கு எதுக்கு தனியா ஒரு வார்த்தை?" என்பார்.

படித்தால் தெரியத்தான் செய்தது.

*ஆயில் மாத்தணும். அளவு பாதி போதும். தினம் அரை மணி ஓடணும். சும்மா நின்றால் அடைத்துக்கொள்ளும்.*

அதற்குக் கீழே:

*பயம் வேண்டாம். எதையும் மாத்த வேண்டாம். வருஷம் ஒருமுறை போதும். வெயிலில் நிற்க வேண்டாம்.*

"எதையும் மாத்த வேண்டாமா?" மனைவி அவர் வயிற்றைப் பார்த்தாள். "டாக்டர் உங்களை நேர்ல பார்த்துட்டுத்தானே சொன்னாரு? நான் வேணா ஒரு தடவை போன் பண்ணிக் கேக்கட்டா?"

"எழுத்துல வந்தப்புறம் வாய்மொழியா கேட்டா, அது எழுதினவரையே சந்தேகப்படற மாதிரி. அப்பாவையே சந்தேகப்படறியா?"

மாமனார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "பதிவு சரி. விளக்கம் என் வேலை இல்ல" என்றார்.

அன்று மாலை சர்க்குலர் ஒரு முழுப் பாக்கெட் சிப்ஸை மடியில் வைத்துக்கொண்டு, மூன்று நாள் பயத்துக்கும் சேர்த்துச் சாப்பிட்டார்.

மறுநாள் காரை எடுத்துக்கொண்டு மெக்கானிக் ஷெட்டுக்குப் போனால், 'மகள் பிரசவம். ஒரு மாதம் லீவு' என்று பலகை தொங்கியது. எழுத்தில் இருந்ததால் அவருக்குக் கோபம் வரவில்லை. பெரிய சர்வீஸ் சென்டருக்கு வண்டியைத் திருப்பினார்.

"பாதி ஆயிலா?" சூப்பர்வைசர் அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "சார், இன்ஜின் போயிடும்."

"வருஷம் ஐந்நூறு கிலோமீட்டர் ஓடற வண்டிக்கு எதுக்குங்க முழு ஆயில்? யோசிச்சுப் பார்த்தா நியாயமாத்தான் இருக்கு."

"மேனுவல்ல மூணரை லிட்டர்னு போட்டிருக்கு சார்."

"அது எல்லாருக்கும் பொது. இது என் வண்டிக்குன்னே வந்த ஆர்டர்." நோட்டைக் காட்டினார்.

அந்த அம்மாள் நோட்டைப் படித்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினாள். "என் சொந்தப் பொறுப்பில்னு எழுதிக் கையெழுத்து போடுங்க."

இவ்வளவு ஒழுங்கான ஆபீஸை அவர் எங்கேயும் பார்த்ததில்லை. சந்தோஷமாக மூன்று பிரதிகளில் கையெழுத்துப் போட்டார்.

தினம் அரை மணி ஓட வேண்டுமே, அதற்கும் வழி கண்டுபிடித்தார். ஆபீஸுக்கு நடப்பதை நிறுத்தினார். எப்படியும் வெயிலில் நிற்க வேண்டாம் என்று டாக்டர் வேறு சொல்லியிருந்தார். காரில் போனால் ஆபீஸ் மூன்றே நிமிஷத்தில் வந்து தொலைத்தது. மிச்சம் இருபத்தேழு நிமிஷத்துக்கு ரவுண்டானாவைச் சுற்ற ஆரம்பித்தார். கையில் ஒரு சிப்ஸ் பாக்கெட்.

மூன்றாம் நாள் போக்குவரத்துப் போலீஸ்கார அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"என்ன சார், பதினொரு ரவுண்டு போயிட்டீங்க? வழி தெரியலையா?"

"தயவுசெஞ்சு நிக்க வைக்காதீங்க. நின்னா அடைச்சுக்கும்!"

"எது?"

"உள்ள இருக்கிறதுதான்."

அவள் அவருடைய முகத்தின் வியர்வையைப் பார்த்துவிட்டு, அவசரமாக வழிவிட்டாள். கழிப்பறை இருக்கும் திசையையும் காட்டினாள்.

இதனால் ஆபீஸுக்குத் தினமும் லேட். ஐந்து நிமிஷம் தாமதமானால் அரை நாள் விடுப்பு என்று அவரே விட்ட சுற்றறிக்கை வாசல் பலகையில் இருந்தது. கிளார்க் ஒருவன் அதைத் துடைத்துப் பளபளப்பாக்கி, அவர் கண்ணில் படும் உயரத்துக்கு மாற்றி மாட்டியிருந்தான். சர்க்குலர் தனக்குத் தானே அரை நாள் விடுப்பு எழுதி, தானே சிபாரிசு செய்து, தானே அனுமதித்தார்.

இரண்டாவது வாரம் காரில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. எண்ணெய்க் குடுவை மாதிரி ஒரு படம், அவ்வளவுதான். எழுத்தில் ஒன்றும் இல்லை. அதன்மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டினார்.

அடுத்து இன்ஜினுக்குள் 'டக் டக்' என்று சத்தம். அடைக்க ஆரம்பித்துவிட்டது என்று புரிந்துகொண்டார். அரை மணியை ஒரு மணி ஆக்கினார். சிப்ஸும் இரண்டு பாக்கெட் ஆயிற்று.

"என்னங்க, வண்டி இருமுது" என்றாள் மனைவி. "நீங்களும்தான் படி ஏறினா புஸ்ஸுபுஸ்ஸுன்னு இரைக்கறீங்க. எனக்குப் பயமா இருக்கு. ஒரு நடை டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாமே?"

அவள் குரல் நிஜமாகவே உடைந்தது. இருபத்திரண்டு வருஷமாக அவரைச் சகித்துக்கொண்டவள், இனிமேலும் சகித்துக்கொள்ளத்தான் ஆசைப்பட்டாள்.

"வருஷத்துக்கு ஒரு தடவை போதும்னு எழுத்துல இருக்கு. இன்னும் பதினோரு மாசம் பாக்கி" என்றார் அவர்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு ஓட்டக் கிளம்பினார். மேம்பாலத்தின் ஏற்றத்தில் 'டக் டக்' என்றது 'டமடம' என்றாகி, ஒரு பெரிய கீச்சலோடு வண்டி நின்றது. சாவியைத் திருகினால் முனகக்கூட இல்லை.

"வண்டி நின்றது. புகை. கவலை" என்றார் பின்சீட்டிலிருந்து மாமனார்.

"நிக்கக் கூடாது! இறங்குங்க, தள்ளுங்க!"

மாமனார் இறங்கவில்லை. மனைவி ஸ்டியரிங்கைப் பிடிக்க, சர்க்குலர் பின்னாலிருந்து தள்ளினார். பாலத்தின் உச்சிக்கு வருவதற்குள் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. மார்புக்குள் யாரோ முஷ்டியை மடக்கி அழுத்துவது போலிருந்தது. கண் இருட்டியது.

"விடுங்க, போதும்! உங்களுக்கு ஏதாவது ஆயிடப் போகுது!" மனைவி ஜன்னல் வழியே அலறினாள்.

"எனக்கு ஒண்ணும்... இல்லன்னு... எழுத்துல..." மீதியைச் சொல்ல மூச்சு போதவில்லை.

நல்லவேளையாக இறக்கம் வந்தது. அதைவிட நல்லவேளை, இறக்கத்தின் முடிவில்தான் மெக்கானிக் ஷெட். பலகை போயிருந்தது. மெக்கானிக் முந்தின நாள்தான் ஊர் திரும்பியிருந்தார். காரை உருட்டிக்கொண்டு போய் வாசலில் விட்டதும், சர்க்குலர் ஒரு பழைய டயர்மேல் சரிந்து உட்கார்ந்தார்.

மெக்கானிக் பானெட்டைத் திறந்து ஆயில் குச்சியை உருவினார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குச்சி நுனியில ஒரு சொட்டு ஒட்டலையே சார். இன்ஜின் இறுகிப் போச்சு. மொத்தமா காலி. யாரு சார் இப்படி ஓட்டச் சொன்னது?"

"யாரா?" கோபத்தில் அவருக்கு மூச்சு கொஞ்சம் திரும்பிவந்தது. "நீதான்யா! ஆயில் பாதி போதும்னியே, தினமும் ஓடணும்னியே! எழுத்துல இருக்கு, பாரு!"

மனைவி கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினாள்.

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை ஒரு தடவை படித்தார். காரைப் பார்த்தார். இன்னொரு தடவை படித்தார். இந்தத் தடவை சர்க்குலரின் வயிற்றையும், முன்சீட்டில் கிடந்த சிப்ஸ் பாக்கெட்டையும் பார்த்தார்.

"சார், வருஷம் ஒருமுறை போதும், வெயில்ல நிக்க வேண்டாம்னு கீழ இருக்கு பாருங்க, அதுதான் நான் சொன்னது, மேல இருக்கிறது உங்க டாக்டர் சொன்னது."