உட்கார்ந்தே நடந்தவன்

“நாற்காலியில ஒட்டிக்கிட்டுக் கிடக்கிறவன் எப்படி சார் நடையில முதல் இடம்?” மிர்த்தோ முதலாளியின் மேசையைத் தட்டிய தட்டில் காபிக் கோப்பை ஆடியது.

“மெஷின் பொய் சொல்லாதும்மா. நீ இன்னும் கொஞ்சம் நட,” என்றார் முதலாளி.

உடம்பின் மேல் அக்கறை வந்துதான் இளசுகள் நடையை எண்ணும் பட்டையைக் கையில் கட்டிக்கொள்கிறார்களாம். அப்படி எழுதுகிறவர்கள் கிரேக்க நாட்டின் பிரேயஸ் துறைமுகத்தில் இருக்கும் இந்தக் கப்பல் சரக்கு அலுவலகத்துக்கு ஒரு நடை வந்து பார்க்கட்டும்! ஆகஸ்ட் மாதா திருநாளுக்கு ஊரே தீவுகளுக்குக் கப்பலேறும். இங்கே ஒரே ஒருவருக்குத்தான் விடுப்பு. வருடாவருடம் அடிதடி. இந்த வருடம் முதலாளி கண்டுபிடித்த நியாயம், ஜூலையில் அதிகம் நடப்பவருக்கு விடுப்பு என்பது. அன்று மாலையே எல்லார் கையிலும் பட்டை ஏறிவிட்டது. எதிர்மேசை வாஞ்சேலிஸுக்கு அவன் மனைவியே வாங்கிக் கட்டிவிட்டு, கணக்கைத் தன் போனிலும் வரவைத்துக்கொண்டாள். ஆரோக்கியமாம், ஆரோக்கியம்!

மிர்த்தோவுக்கு விடுப்பு கிடைத்தே ஆகவேண்டும். நாக்ஸோஸ் தீவில் தோழியின் குழந்தைக்கு ஞானஸ்நானம், இவள்தான் ஞானத்தாய். ஞானத்தாய் இல்லாமல் பாதிரியார் தண்ணீரைத் தொடமாட்டார். அதற்காக லிஃப்டை மறந்து, கொளுத்தும் வெயிலில் நாயாய் நடந்தாள். வாஞ்சேலிஸோ காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பான். ஆனால் முதலிடம் அவனுக்கு. வயிறு எரியாதா?

ஒருநாள் அவனை உற்றுப் பார்த்தாள். பட்டை கட்டிய கையில், கிரேக்க ஆண்கள் பொழுதுபோக்காக உருட்டும் மணிச்சரம். டக், டக் என்று ஓயாமல் அதைச் சுழற்றிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு சுழற்றலும் பட்டையில் ஒரு அடியாக ஏறிக்கொண்டிருந்தது.

“சார், அவன் நடக்கல, மணிதான் உருட்டுறான்! பச்சை அநியாயம்!”

“மணிச்சரத்தைக் கீழ வைடான்னு ஒரு கிரேக்கன்கிட்ட நான் போய்ச் சொல்லவா? வேலையப் பாரும்மா,” என்றார் முதலாளி, தன் சரத்தை உருட்டிக்கொண்டே.

இனி யாரிடம் போய் நியாயம் கேட்பது? வாஞ்சேலிஸ் கையெழுத்துப் போடச் சரத்தைக் கீழே வைத்த நேரம் பார்த்து, அதைத் தன் கைப்பைக்குள் தள்ளினாள்.

“ஐயோ, எங்கப்பாவோட சரம்!”

அவ்வளவுதான். வாஞ்சேலிஸ் மாடிமாடியாக ஏறி இறங்கினான். துறைமுகம், கடைத்தெரு, பேருந்து நிலையம் என்று ஒரு இடம் விடாமல் அலைந்தான். அன்றைய கணக்கைப் பார்த்து மிர்த்தோவுக்குத் தலை சுற்றியது. மறுநாள் சரத்தைச் சத்தமில்லாமல் அவன் மேசையிலேயே வைத்துவிட்டாள். அது பெரிய தப்பு. திரும்பக் கிடைத்த சரத்தை அவன் தூக்கத்தில்கூட விடவில்லை போலும். ராத்திரியிலும் கணக்கு ஏறியது.

மாதக் கடைசியில் முதலாளி அறிவித்தார்: “விடுப்பு வாஞ்சேலிஸுக்கு!”

எல்லாரும் கைதட்டினார்கள். அதற்குள் அவன் மனைவி கப்பல் டிக்கெட் எடுத்துவிட்டதாகச் செய்தியும் வந்துவிட்டது. வாஞ்சேலிஸ் மேசையில் தலையைக் கவிழ்த்துக் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

“ஏமாத்தி ஜெயிச்சதும் இல்லாம, ஆனந்தக் கண்ணீர் வேறயா? வெட்கமா இல்ல உனக்கு?” மிர்த்தோவின் குரல் தெருவரை கேட்டது.

காபி கொண்டுவந்த ஸ்டமாத்தியா அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

“நீ வேறம்மா! மாமியாரோட தீவுக்குப் போற அந்த லீவு கிடைச்சிடக் கூடாதுன்னுதானே பாவி மனுஷன் மாசம் பூரா நாற்காலிய விட்டு எந்திரிக்காம கிடந்தான்!”