அங்க நம்மாளு இருக்காரு

எல்லா ஊரிலும் ஓர் இனம் உண்டு. மழையோ வெயிலோ, தேய்த்த வெள்ளைச் சட்டை; சட்டைப் பையில் கைபேசி; கைபேசிக்குள், அவர் சொல்வதை நம்பினால், தமிழ்நாட்டு அலுவலகங்களில் பாதி. நீங்கள் எந்த அலுவலகத்தின் பெயரைச் சொன்னாலும், “அங்க நம்மாளு இருக்காரு” என்பார். பொய்யரா? சேச்சே! பொய்யர் என்றால், தான் சொல்வது பொய் என்பதாவது அவருக்குத் தெரிந்திருக்கும்.

எங்கள் கம்பைநல்லூரில் அந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி சென்னப்பன். கேழ்வரகு முறுக்குத் தொழில் தொடங்கவிருந்த சில்வியா அவர் கண்ணில் பட்டாள். முறுக்குப் பிழியும் இயந்திரம் வந்து இறங்கியாகிவிட்டது. தொப்பூர்ச் சாலையோர ஓட்டல்காரர் ஒருவர், “தீபாவளிக்குச் சரக்கு குடுங்க, கல்லா பக்கத்துலயே வெச்சு வித்துத் தர்றேன்” என்றும் சொல்லிவிட்டார். பாக்கி, மும்முனை மின் இணைப்பு மட்டும். மனுவோடு கிளம்பியவளைத் தெருமுனையில் மறித்தார் சென்னப்பன்.

“நீ எதுக்கும்மா அங்க போயி நிக்கற? மின்வாரியத்துல நம்மாளு இருக்காரு. ஒரு போன் போதும்.”

“மனுவ மட்டும் குடுத்துட்டு வந்தர்றேங்கண்ணா.”

“குடுத்தா வரிசையில போயிரும். காரியத்தக் கெடுத்துராத!”

காத்திருந்தாள். அவளைத் தூரத்தில் கண்டதுமே சென்னப்பன் கைபேசியைக் காதில் வைத்து, ‘பேசிட்டிருக்கேன்’ என்று கையைக் காட்டுவார். அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அது மணியடித்ததும் உண்டு. சார் மீட்டிங்கில் இருந்தார், சார் மாமனாருக்கு உடம்பு சரியில்லை, சார் மாலை போட்டிருந்தார். தார்ப்பாய் போர்த்திய இயந்திரத்தின் மேல் கோழி முட்டையிட்டது. தீபாவளி வந்தது. தொப்பூர்க்காரர் வேறு இடத்தில் சரக்கு வாங்கிவிட்டார். அன்று சில்வியா இயந்திரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு மனுவை எடுத்தாள். விடுமுறை முடிந்ததும் மின்வாரிய அலுவலகத்தில் முதல் ஆளாகப் போய் நின்றாள்.

மனுவைப் பார்த்த ஊழியருக்கு ஆச்சரியம். “லைன் உங்க வூட்டு வாசல்லயே போவுதே! இத்தன நாளா ஏங்க குடுக்கல?”

சென்னப்பன் சொன்ன ‘நம்மாளு’ பெயரைச் சொன்னாள்.

“அவரா? ரிட்டையராயி ரொம்ப நாளாச்சுங்களே!”

அந்த ஓய்வுபெற்ற மனிதர் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? பென்ஷன் ஆபீஸில் யாரையாவது தெரியுமா என்று சென்னப்பனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். சென்னப்பனின் பதிலை நான் சொல்லவும் வேண்டுமா?

கிறிஸ்துமஸுக்கு முன்பே இணைப்பு கிடைத்தது. இயந்திரம் ஓடிய முதல் நாள், முதல் முறுக்கை எடுத்துக் கடித்தவர் சென்னப்பன். “ஒரு வார்த்தைதான் சொன்னேன், வேல முடிஞ்சுது பாத்தீங்களா!” என்றார் கூடியிருந்தவர்களிடம்.

“ரொம்பப் பெரிய உதவிங்கண்ணா,” என்றாள் சில்வியா. “நீங்க மட்டும் இல்லன்னா இது தீபாவளிக்கே ஓடியிருக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். சென்னப்பன் கைகூப்பி அந்தப் பாராட்டை ஏற்றுக்கொண்டார். பொங்கலுக்குச் சரக்கு எடுப்பதாகத் தொப்பூர்க்காரர் சொல்லியிருக்கிறார்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால், போன மாதம் ஒருவர் தயங்கித் தயங்கி உங்களிடம் ஏதோ கேட்டார், “விடுங்க, நான் பாத்துக்கறேன்” என்று அவர் தோளைத் தட்டி அனுப்பினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அவர் இன்னும் காத்திருக்கிறார்.