முதல் வாய்க்குக் காவல் நிற்பவர்

உலகத்தில் சமைக்கிறவர்கள் உண்டு, சாப்பிடுகிறவர்கள் உண்டு, சாப்பிட்டுவிட்டுக் குறை சொல்கிறவர்கள் வேண்டிய மட்டும் உண்டு. இவர்கள் யாரோடும் சேராத இன்னோர் இனம் இருக்கிறது: சிபாரிசுக்காரர். உணவகத்தில் அவர் சாப்பிடமாட்டார். நீங்கள் சாப்பிடுவதைப் பார்ப்பார்.

நீங்கள் கரண்டியைத் தூக்கினால் அவர் கழுத்தும் கூடவே எழும்பும், நீங்கள் வாயைத் திறந்தால் அவர் வாயும் தானாகத் திறக்கும், மென்று விழுங்கி ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பதற்குள் "எப்படி?" என்று வந்து விழும். "நல்லாருக்கு" என்று சொல்லித் தப்பித்துவிடலாம் என்றா பார்க்கிறீர்கள்? "சும்மா நல்லாருக்கா, ரொம்ப நல்லாருக்கா?"

இந்த இனத்தில் முதல் தரம் நம் கண்ணாடிக் கடைக்காரர். நாள் முழுக்க வாடிக்கையாளர் மூக்கில் சட்டத்தை மாட்டி, "இது தெளிவா இருக்கா, முன்ன போட்டது தெளிவா?" என்று கேட்டுப் பழகிய நாக்கு, சாயங்காலம் மட்டும் சும்மா கிடக்குமா? துறைமுகத்தை ஒட்டிய அந்தப் பழைய மீன் உணவகம் அவருடைய தாத்தா பிறப்பதற்கு முன்பே திறந்தது. ஆனாலும் அதைக் கண்டுபிடித்தவர் இவர்தான்.

தெரிந்தவர்கள் அத்தனை பேரையும் அங்கே கூட்டிப்போய் "ஆஹா" வாங்கியாகிவிட்டது. பாக்கி ஒருவர்: பல் டாக்டர். ஊர் வாயையெல்லாம் திறக்கச் சொல்லும் அவர், தன் வாயைத் திறந்து எதையும் பாராட்டியதில்லை. போன வருஷம் நம்மவர் அலைந்து திரிந்து சிபாரிசு செய்த மெத்தையில் படுத்து எழுந்துவிட்டு, "பரவால்ல" என்றார். அந்தப் "பரவால்ல" இன்னும் ஆறவில்லை. இன்று மீனில் அதற்கு மருந்து போட்டாக வேண்டும்.

மேசையில் நான்கு பேர். நம்மவர், அவர் மனைவி, பல் டாக்டர், சாட்சிக்குக் கணக்கு வாத்தியார். காலடியில் தேய்ந்த கறுப்பு வெள்ளைக் கல், தலைக்கு மேல் முனகும் மின்விசிறி, சுவர் நிறைய மீசைக்காரர்களின் புகைப்படங்கள். உட்கார்ந்ததுமே நம்மவர் மேசையைத் தடவிக் காட்டினார்.

"ஒண்ணு கவனிச்சியா டாக்டரே? மேசை மேல உப்பு இல்ல. அந்தக் காலத்துலேருந்து வைக்கிறதில்ல. தேவையே படாது!"

சுட்ட மீன் வந்தது. "வால் பக்கம் போகாத, நடுவுல எடு. எலுமிச்சம்பழத்தத் தொடாத! மொதல்ல வெறும் மீன்." கல்யாண மேடையில் தாலி கட்டும் நேரத்தில் பெண்ணின் அப்பா நிற்பாரே, அந்த முகத்தோடு அவர் காத்திருந்தார். டாக்டர் மென்றார். மென்றுகொண்டே இருந்தார். கடைசியில் கையைத் தூக்கிப் பரிமாறுபவரைக் கூப்பிட்டார்.

"கொஞ்சம் உப்பு கிடைக்குமா?"

மின்விசிறிகூட ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது. பரிமாறுபவர் உள்ளே போகவில்லை, யோசிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஓர் உப்புக் குப்பியை எடுத்து வைத்தார்.

"எல்லாரும் கேப்பாங்க சார்."

"எல்லாருமா? என்னய்யா பேசற? சமையல்காரரு மாறிட்டாரா?"

"அதே ஆளுதான் சார். அதே கைதான்."

"டாக்டரே, இது பழைய பக்குவம். கடல்ல இருக்கிற உப்பே மீனுக்குப் போதும். நாக்கு பழகணும்."

"பழகட்டும். அதுவரைக்கும் இது இருக்கட்டுமே" என்று டாக்டர் தூவிக்கொண்டார்.

நம்மவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தச் சமயம் பார்த்துக் குப்பி மேசைக்குக் கீழே இறங்கி வாத்தியார் கைக்குப் போயிற்று. வாத்தியார் கையிலிருந்து நம்மவர் மனைவியின் மடிக்கு. நம்மவர் ஓரக்கண்ணில் எல்லாம் பட்டது. போன தடவை "ஆஹா" சொன்ன அதே வாத்தியார்! இத்தனை நாள் "ஆஹா" சொன்னவர்கள் எல்லாம் எந்த மேசைக்குக் கீழே என்ன செய்தார்களோ?

ஆறிப்போன தன் மீனை நம்மவர் முதல் தடவையாக வாயில் வைத்தார். மென்றார். சந்தேகமே இல்லை. உப்பு இல்லை.

இப்போது என்ன செய்வார்? ஒப்புக்கொள்வாரா? மெத்தைக்கு மேல் மீனும் சேர்ந்தால் மனிதன் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பது?

"அட, அந்தப் போட்டோவப் பாருங்க! பின்னாடி, மேல, வலது ஓரத்துல! அந்த மீசைக்காரரு ஒரே ஆளா படகக் கரைக்கு இழுத்தவராம்!"

டாக்டர் திரும்பினார். வாத்தியார் திரும்பினார். நம்மவர் கை மேசைக்குக் கீழே துழாவியது. குப்பி தானாக உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. மனைவி மட்டும் திரும்பியிருக்கவில்லை.

"சீக்கிரம் போட்டுக்கோங்க" என்றார் அவர், உதடு அசையாமல். "நான் எதையும் பாக்கல."

எல்லோரும் தட்டை வழித்துவிட்டு எழுந்தார்கள். நம்மவருக்குக் கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. வாசற்படியில் வாயைத் திறக்கப் போனார். அதற்குள் டாக்டர் போனைக் காதில் வைத்துவிட்டார்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை உன்ன ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். நான் கண்டுபிடிச்ச எடம். மேசை மேல உப்பே வைக்கமாட்டான்டா! தேவையே படாது!"

இந்த வியாதி வாய் வழியாகத்தான் பரவுகிறது, வைத்தியரையும் விடுவதில்லை.

நல்லவேளை, நமக்கு இல்லை என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படித்து முடித்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் "இதக் கொஞ்சம் படியேன்" என்று நீட்டத் தோன்றுகிறதல்லவா? நீட்டிவிட்டுப் பேசாமல் வேறு அறைக்குப் போய்விடுங்கள் பார்க்கலாம். முடியாது. அவர் உதடு எந்த வரியில் விரிகிறது என்று பார்த்துக்கொண்டு அங்கேயேதான் நிற்பீர்கள்.

அவர் நிமிர்ந்து உப்பு கேட்டால், என்னிடம் வராதீர்கள்.